சிவசமுத்திரம் முதல் தங்கவயல் வரை: 92 மைல் கம்பி சொல்லும் கணக்கு

பெங்களூரில் வாழ்கிற நம்மவர்கள், ஊரிலிருந்து உறவினர் யாராவது வந்தால் சிட்டி மார்க்கெட் பக்கம் அழைத்துப் போய்ப் பெருமையாக ஒன்று சொல்வதுண்டு. "ஆசியாவிலேயே முதல் கரண்ட் தெருவிளக்கு எரிஞ்சது இங்கதான், தெரியுமா?" என்பார்கள். தங்கவயல்காரர்களோ, "ஜப்பானுக்கு அடுத்தபடியா கரண்ட் வந்தது எங்க ஊருக்குத்தான்" என்பார்கள். இரண்டையும் நான் நாற்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் உண்மையில்லை.

பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்கு ஏற்றப்பட்டது 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி. ஷாங்காய் நகரத் தெருவில் 1882லேயே மின்விளக்கு எரிந்தது. நம் நாட்டிலேயே டார்ஜிலிங்கில் சித்ராபோங் என்ற இடத்தில் 1897ல் சிறியதொரு நீர்மின் நிலையம் வந்துவிட்டது. கல்கத்தாவுக்கு 1899ல் மின்சாரம் வந்தது. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது. ஆகவே "முதல்" என்ற பட்டத்தை நாம் விட்டுக்கொடுத்துவிடலாம். அதனால் நமக்கு நஷ்டம் எதுவுமில்லை. மைசூர் சமஸ்தானம் 1902ல் செய்த காரியம் இந்தப் பட்டத்தைவிடப் பெரியது. அது என்னவென்று புரிய வேண்டுமானால் கரண்ட், வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ் என்ற மூன்று சொற்களின் பொருள் தெரிய வேண்டும். வரலாறும் கணக்கும் கலந்து எழுதுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். பி.வி.கே. ஐயங்கார் சாலை வட்டாரத்தில் ஒயர், சுவிட்ச் வியாபாரம். எஞ்சினியரிங் காலேஜ் வாசலை மிதித்தவன் அல்ல. மின்சாரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கடைக்கு வரும் எலெக்ட்ரீஷியன்கள் சொன்னதும், கடையை மூடிய பிறகு நானாகப் படித்ததும்தான். எங்கள் குலத்தில் பொழுது சாய்ந்தபின் உண்ணும் வழக்கம் கிடையாது. விளக்கைத் தேடி வரும் சிற்றுயிர் உணவில் விழுந்து மடியும் என்பது காரணம். ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில், "எண்ணெய் விளக்குதான் போயிடுச்சே, இனிமே ராத்திரி சாப்பிடலாமா?" என்று நாங்கள் கேட்டபோது எங்கள் ஆயா பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னும் நிறைய பூச்சி வருதுடா" என்று முடித்துவிட்டார். மின்சாரத்தைப் பற்றி நான் கேட்ட முதல் ஆராய்ச்சி முடிவு அதுதான்.

இனி சிவசமுத்திரத்துக்கு வருவோம்.

காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு ககனசுக்கி, பரசுக்கி என்ற இரண்டு அருவிகளாக விழுகிறாள். இன்று சுற்றுலாப் பேருந்தில் போகிறவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை கொள்ளேகால் தாலுகா சென்னை ராஜதானியின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. சிவசமுத்திரத் தீவையே அக்கால அரசாங்க கெஜட்டியர் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் சேர்த்து எழுதியிருக்கிறது. எல்லைக்கோடு ஆற்றோடு போயிற்று. மின்நிலையம் எழுந்தது மைசூர்ப் பக்கத்துக் கரையில்.

சுமார் 400 அடி உயர வித்தியாசம் அங்கே கிடைத்தது. இந்த "வித்தியாசம்" என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, கீழே பள்ளம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. மின்சாரத்தில் அந்த உயரத்துக்குப் பெயர் மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ். தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று நொடிக்கு இத்தனை லிட்டர் என்று அளப்பது போல, கம்பியில் ஓடும் மின்னின் அளவு மின்னோட்டம், அதாவது கரண்ட். அதை ஆம்பியரில் அளக்கிறோம். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் சிரமப்பட்டு ஓடும். அந்தச் சிரமம்தான் மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ். அதன் அளவு ஓம். கம்பி நீண்டால் தடை கூடும், பருத்தால் குறையும். செம்பில் தடை குறைவு, அலுமினியத்தில் அதைவிட அதிகம், இரும்பில் இன்னும் அதிகம்.

வோல்டேஜ் என்பது இரண்டு இடத்துக்கு இடையே உள்ள வித்தியாசமே தவிர ஒரு இடத்தில் தனியாக இருப்பதல்ல. ஹைடென்ஷன் கம்பியில் காக்காய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குழந்தைகள் கேட்பார்கள், "அதுக்கு ஷாக் அடிக்காதா?" என்று. அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே உயரத்தில் இருக்கின்றன. இரண்டு காலுக்கும் நடுவே வித்தியாசம் இல்லாதவரை அதன் உடம்பு வழியே ஓட வேண்டிய அவசியம் கரண்ட்டுக்கு இல்லை. ஒரு காலை இந்தக் கம்பியிலும் சிறகை அடுத்த கம்பியிலும் வைத்தால் அந்தக் கணமே கதை முடிந்தது.

நாம் "கரண்ட் போச்சு" என்கிறோம். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவும் "கரண்ட் ஹோய்து" என்கிறார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிக்கும் தகராறே இல்லை. ஆனால் கணக்காகப் பார்த்தால் போனது வோல்டேஜ்தான். சுவிட்சை அணைத்த பிளக்கில் வோல்டேஜ் கதவுக்கு வெளியே காத்து நிற்கிறது, கரண்ட் மட்டும் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் வட்டம் முழுமையாகிறது, ஓட்டம் தொடங்குகிறது. தண்ணீர் உவமை இங்கே கொஞ்சம் இடறும். குழாய் அறுந்தால் தண்ணீர் தெருவில் கொட்டும். கம்பி அறுந்தால் மின்சாரம் கொட்டாது, நின்றுவிடும். போன வழிக்குத் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அதனால்தான் அதைச் சுற்று என்கிறோம். அறுந்து விழுந்த கம்பி பயமில்லை என்று இதற்குப் பொருள் சொல்லிவிடக் கூடாது. அதைத் தொடுகிறவனும் ஈரத்தரையும் சேர்ந்து அந்த வட்டத்தை முடித்து வைத்துவிடுவார்கள்.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டு சொன்னவர் கியார்க் சைமன் ஓம். ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் 1789ல் பிறந்தவர். பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன். தானாகப் படித்த அந்தத் தகப்பனார்தான் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பல நீளத்துக் கம்பிகளை வைத்துச் சோதனை செய்தார். இத்தாலியர் வோல்டா 1800ல் செய்துகாட்டிய மின்கலம் அப்போது இருந்தது. ஆனால் அதன் அழுத்தம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியது. ஆகவே ஓம் அதை விட்டுவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்த்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதிலிருந்து வரும் சிறிய, ஆனால் ஆடாத அழுத்தத்தை எடுத்துக்கொண்டார். வியாபாரி பாஷையில் சொன்னால், முதலில் தராசைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சரக்கை நிறுத்தார். 1827ல் நூல் வெளிவந்தது. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம். இவ்வளவுதான் விதி. சொந்த நாட்டில் அதற்கு மதிப்பில்லை. மனம் கசந்து வேலையை விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841ல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊர்க்காரர்களுக்குக் கண் திறந்தது. அதே 1841ல் இங்கிலாந்தில் ஜூல் என்பவர் இன்னொரு கணக்குச் சொன்னார். கம்பியில் வீணாகும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு.

இந்த இரண்டு விதிகளும் நம் ஊருக்கு வந்து வேலை செய்த இடம்தான் கோலார் தங்கவயல்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880ல் அங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. தங்கப் பாறையை வெட்டி மேலே கொண்டுவர வேண்டும், இரும்பு உலக்கைகளால் இடித்துப் பொடியாக்க வேண்டும், உள்ளே சுரக்கும் நீரை இறைக்க வேண்டும், காற்றை அமுக்கிக் கீழே அனுப்ப வேண்டும். எல்லாம் நீராவி எஞ்சினில் நடந்தன. அதற்கு நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டும். மிச்சத்துக்குச் சுற்றுவட்டாரக் காட்டு விறகு. செலவு ஏறிக்கொண்டே போனது. கோலார் வறண்ட பூமி, பக்கத்தில் அருவி கிடையாது. அருவி இருப்பது சிவசமுத்திரத்தில், 92 மைல் தொலைவில், சுமார் 148 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்தை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. எடிசன் 1882ல் நியூயார்க்கில் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட்டில் நேர்மின்சாரம் கொடுத்தது. ஒரு மைல் தாண்டினால் விளக்கு மங்கிவிடும். நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகரத்துக்கு 1896ல் மின்சாரம் போனது, அதுவே 26 மைல்தான். 1901ல் கலிபோர்னியாவில் கோல்கேட் என்ற இடத்திலிருந்து ஓக்லண்டுக்குச் சுமார் 140 மைல் இழுத்தார்கள். ஆகவே சிவசமுத்திரம் லைன் "உலகத்திலேயே நீளம்" என்று சில புத்தகங்கள் எழுதுவதும் மிகைதான். ஆனால் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நீண்ட லைன்களில் ஒன்று நம் காவிரிக் கரையில் நின்றது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஏன் அது அவ்வளவு கடினம்? கடையில் பில் போடும் பேப்பரின் பின்பக்கத்தில் போடக்கூடிய கணக்குத்தான். சிவசமுத்திரத்தில் முதலில் வைத்தவை ஆறு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 720 கிலோவாட். மொத்தம் 4,320 கிலோவாட், சுமார் 5,800 குதிரைத் திறன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 4,000 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டரிலிருந்து வருவது இரண்டாயிரத்துச் சொச்சம் வோல்ட். அதையும் 2,000 என்றே வைப்போம். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன். அப்படியானால் 4,000 கிலோவாட்டை 2,000 வோல்ட்டில் அனுப்ப 2,000 ஆம்பியர் ஓட வேண்டும். 92 மைல் போய்த் திரும்பும் கம்பிக்கு மொத்தத் தடை 20 ஓம் என்று ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி 2,000 ஆம்பியரை அந்தக் கம்பி வழியே தள்ளுவதற்கு மட்டும் 40,000 வோல்ட் வேண்டும். கையிலிருப்பதோ 2,000. கோலாருக்கு ஒரு பல்பு எரியுமளவுக்குக்கூட ஒழுங்காகப் போய்ச் சேராது. வண்டிச் சத்தத்துக்கே சரக்கின் விலையைப்போல் இருபது மடங்கு ஆகிறதென்றால் எந்த வியாபாரி சரக்கை ஏற்றுவான்?

இப்போது அதே 4,000 கிலோவாட்டை 35,000 வோல்ட்டில் அனுப்புங்கள். ஓட்டம் சுமார் 114 ஆம்பியர்தான். அதே 20 ஓம் கம்பியில் இழப்பது சுமார் 2,300 வோல்ட், சூடாய்ப் போவது சுமார் 260 கிலோவாட். நூற்றுக்கு ஆறரைப் பங்கு தேய்மானம், தொண்ணூற்று மூன்றரைப் பங்கு சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. அழுத்தம் பதினேழரை மடங்கு ஏறினால் ஓட்டம் பதினேழரை மடங்கு இறங்குகிறது, ஜூல் விதிப்படி சூடு முந்நூறு மடங்கு இறங்குகிறது. அழுத்தத்தை ஏற்றாமல் இதே தேய்மானத்தில் அனுப்ப நினைத்தால் முந்நூறு மடங்கு செம்பு வாங்க வேண்டும். தங்கச் சுரங்கத்தை விற்றாலும் கட்டாது. உண்மையில் போட்டது மூன்று கம்பி முறை, அதற்கு 1.73 என்றொரு பெருக்கல் வரும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இந்தக் காரணத்தால்தான் மாறுமின்சாரம் வேண்டியிருந்தது. அதை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஏற்றவும் இறக்கவும் முடியும். நேர்மின்சாரத்தில் அக்காலத்தில் அந்த வசதி இல்லை. சிவசமுத்திரத்து மின்சாரம் நொடிக்கு 25 சுழற்சி, நயாகராவில் இருந்தது போலவே. இன்று நம் வீட்டில் 50.

இந்தத் திட்டத்தின் பின்னால் நின்றவர் திவான் கே. சேஷாத்ரி ஐயர். 1845ல் பாலக்காட்டுப் பக்கத்துக் குமாரபுரத்தில் பிறந்தவர். தமிழ் பேசும் குடும்பம். பாலக்காடு அப்போது சென்னை ராஜதானியின் மலபார் மாவட்டம். 1883 முதல் 1901 வரை பதினெட்டு ஆண்டு மைசூர் திவான். அவருக்குத் துணை நின்ற எஞ்சினியர் ஜாலி டி லோபினியேர் என்ற ராணுவ எஞ்சினியர், கனடா நாட்டவர். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் நேரில் பார்த்து, பேசி, ஏற்பாடு செய்துவந்தார். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, நீர்ச் சக்கரங்கள் ஜூரிச் நகரத்து எஷர் வைஸ் கம்பெனி. ரயில் போகாத அந்தக் காட்டுப் பள்ளத்துக்கு அவ்வளவு இரும்பையும் யானைகளும் மாட்டு வண்டிகளும் இழுத்துக்கொண்டு போயின. சமஸ்தானத்து வருமானத்தைக் கொண்டு, அப்போது உலகத்தில் நான்கைந்து இடத்தில் மட்டுமே நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தில் இறங்குவதென்றால் அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். நான் பல முதலாளிகளைப் பார்த்தவன். பக்கத்துக் கடைக்காரர் வாங்கி லாபம் பார்த்த பிறகே புதுச் சரக்கைத் தொடுவார்கள்.

சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரில் காலமானார். தங்கவயலுக்கு மின்சாரம் பாய்ந்தது 1902 ஜூன் 30ஆம் தேதி. மகாராணி வாணி விலாச சந்நிதானம் மைந்தருக்காக ராஜ்யத்தைக் கவனித்துவந்த கடைசி மாதங்கள் அவை. ஒன்பது மாதம் முந்திப் போய்விட்டார் திவான். கப்பன் பூங்காவில் அவர் சிலை நிற்கிறது. சேஷாத்ரிபுரம் அவர் பெயரில் இருக்கிறது. சிவசமுத்திரத்து நிலையத்துக்கும் இன்று அவர் பெயர்தான்.

கம்பியின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். அங்கே இருந்தவர்கள் நம் ஜனங்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாள் வாழ்க்கைக்கும் தப்பி வந்தவர்கள், அவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். எங்கள் வந்தவாசிச் சீமையிலிருந்தும் போனவர்கள் உண்டு. தங்கவயலின் பேச்சுமொழி தமிழாக இருப்பதற்கு அவர்களே காரணம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. படிப்பும் பத்திரிகையும் சுரங்க லயன்களில் அந்தக் காலத்திலேயே புழங்கின.

1902ல் போன மின்சாரம் இவர்களுடைய குடிசையில் விளக்கேற்றப் போகவில்லை. உலக்கை இடிக்கவும், காற்று அமுக்கவும், நீர் இறைக்கவும் போனது. அதன் பலன் என்ன? இன்னும் ஆழமாகத் தோண்ட முடிந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். மேலிருந்து காற்று வராவிட்டால் அங்கே மனிதன் நிற்க முடியாது. நமக்குக் கரண்ட் போனால் டிவி நின்றுபோகும். சாம்பியன் ரீஃப் அடியில் நிற்பவனுக்குக் கரண்ட் என்பது மூச்சு. காவிரி நீர் 400 அடி விழுவதை நம்பி மனிதர்கள் பத்தாயிரம் அடி ஆழத்தில் வேலை செய்தார்கள். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இதிலிருந்து இன்னொரு கிளை பிரிகிறது. மின்நிலையம் தண்ணீரைச் செலவழிப்பதில்லை. சக்கரத்தைச் சுற்றிய நீர் அப்படியே மறுபடி காவிரியில்தான் சேர்கிறது. எடுத்துக்கொள்வது நீரின் உயரத்தை மட்டும்தான். ஆகவே சிவசமுத்திரத்தால் தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு சொட்டு நஷ்டமில்லை. ஆனால் கோடையில் ஆறு வற்றும், சுரங்கமோ வருஷம் முழுதும் ஒரே அளவு மின்சாரம் கேட்கும். அதற்கு மழைக்கால நீரைத் தேக்கி வைத்தாக வேண்டும். 1911ல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம், அப்போது தலைமை எஞ்சினியர் விசுவேசுவரய்யா. அந்த அணையைப் பற்றிய வழக்குதான் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே 1924 ஒப்பந்தத்தில் முடிந்தது. பிறகு நடந்ததெல்லாம் பெங்களூர்த் தமிழர்களாகிய நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகராற்றின் வேரில் நெல் மட்டுமல்ல, தமிழ்க் கூலிகள் வெட்டிய தங்கமும், அதை வெட்டுவதற்கான மின்சாரமும் இருந்தன என்பதை இரண்டு பக்கத்தாரும் மறந்துவிட்டார்கள்.

பெங்களூர் விளக்கு அந்தத் தங்கவயல் ஏற்பாட்டின் உபரிதான். லைன் வந்துவிட்டது, நிலையத்தைப் பெருக்கினார்கள், மூன்றே வருஷத்தில் நகரத்துக்கும் ஒரு கிளை வந்தது. 1911ல் டாட்டா இன்ஸ்டிடியூட்டில் பாடம் தொடங்கியபோது முதல் துறைகளிலேயே மின்தொழில்நுட்பமும் ஒன்றாக இருந்தது. பின்னாளில் இந்த நகரம் ஆலைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் பேர்போனதற்கு அடித்தளம் அந்த 92 மைல் கம்பியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பைக்காரா 1932ல் வந்து கோயம்புத்தூர் ஆலைகளைப் பெருக்கியது தனிக் கட்டுரைக்கான விஷயம். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரன்களும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் நல்ல எலெக்ட்ரீஷியன்கள் பலர். என் கடைக்கு வருகிற சிலரிடம் சிவசமுத்திரத்துக் கதையைச் சொன்னபோது, "எங்க தாத்தா சொல்லுவாரு, ஆத்துத் தண்ணி கம்பியில வருதுன்னு" என்றார் ஒரு தம்பி. அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

வரலாறு இருக்கட்டும், வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 35,000 வோல்ட்டுக்குப் போட்ட அதே கணக்கு நம் குளியலறைக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், பழைய வாடகை வீட்டின் மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் சிக்கனம் பார்த்து, லைட்டுக்குப் போட்ட மெல்லிய ஒயரிலேயே கீசரையும் சேர்த்துவிட்டார். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தது. "தொந்தரவு" என்று பெரிய எம்.சி.பி.யாக மாற்றிவிட்டார். ஒரு விடியற்காலை சுவருக்குள்ளேயே ஒயர் எரிந்து பீரோவும் துணிமணியும் பிள்ளையின் சர்டிபிகேட்டும் போயின. உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பினார்கள்.

என்ன நடந்தது? 3,000 வாட் கீசர், 230 வோல்ட். வகுத்தால் 13 ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம் தடை. மீட்டரிலிருந்து குளியலறை 20 மீட்டர் என்றால் போகவர 40 மீட்டர், தடை 0.72 ஓம். 13ஐ வர்க்கம் செய்து பெருக்குங்கள். சுமார் 120 வாட் சூடு, காற்றே இல்லாத குழாய்க்குள். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் தடை நான்கில் ஒன்று, சூடு 30 வாட். அதைவிட மோசம் சரியாக முறுக்காத திருகாணி. அந்த ஒரு புள்ளியில் அரை ஓம் தடை வந்தாலும் 13 ஆம்பியருக்கு 85 வாட், ஒரு கடலைப் பருப்பு அளவு இடத்தில். சுவிட்ச் பழுப்பாகிக் கருகுவது அதனால்தான். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றை வாங்கிப் போவார்கள். திருகாணியை முறுக்க மாட்டார்கள், அடுத்த மாதம் மறுபடி வருவார்கள். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எம்.சி.பி. காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒயர் எவ்வளவு ஆம்பியர் தாங்குமோ அதற்கு மேல் போனால் வட்டத்தை அறுத்துவிட வேண்டும், அதற்காக வைத்தது. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், காவற்காரனைத் தூங்கப் போ என்று அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

வீடு கட்டுகிறவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் கீசர், ஏசி லைனுக்கு என்ன ஒயர் போட்டிருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் நல்லது. 3,000 வாட் கீசருக்கு 2.5க்குக் கீழே போக வேண்டாம். எலெக்ட்ரீஷியன் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒயரின் மேலுறையிலேயே அந்த எண் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால் தெரியும்.